வரியும் அபராதமும்

அரசுக்கு நாம் செலுத்தும் பணம் பல பெயர்களைத் தாங்கிச் செல்கின்றது. நிலத்திற்குத் தீர்வை, வீட்டிற்கு வீட்டு வரி, வருவாய்க்கு வருமான வரி, தவணை தவறினால் வட்டி, விதியை மீறினால் அபராதம். பெயர்கள் பலவாயினும் எல்லாவற்றிற்கும் ரசீது ஒன்றுபோலவே தருகின்றனர். ஆதலின், "எந்தப் பெயரில் கொடுத்தால் என்ன? இரண்டும் கையை விட்டுப் போன பணந்தானே?" என்று கேட்போர் நம்மிடையே உளர்.

இக்கேள்வி எளிதாகத் தோன்றினும் எளியதன்று. உச்ச நீதிமன்றங்கள் பல ஆண்டுகளாக இதனை ஆராய்ந்து வந்துள்ளன. அவ்வாராய்ச்சி வழக்கறிஞர்க்கு மட்டும் உரியதன்று. நாம் செய்யும் செயலை நாமே எவ்வாறு மதிப்பிடுகிறோம் என்பதையும் அது தொடுகின்றது. ஆகவே, வரிக்கும் அபராதத்திற்கும் உள்ள வேறுபாட்டை ஈண்டுச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

முதலில் சொற்களை நோக்குவோம். 'வரி' என்னும் சொல்லில் பழி ஏதும் இல்லை. வரி கட்டுபவரை நாம் குடிமகன் என்கிறோம், குற்றவாளி என்பதில்லை. 'அபராதம்' என்பதோ வடசொல். அம்மொழியில் அதற்குக் 'குற்றம்' என்பதே பொருள். குற்றத்தின் பெயரையே அக்குற்றத்திற்காகக் கட்டும் பணத்திற்கும் நாம் இட்டு வழங்குகின்றோம். இன்னொரு சொல் 'தண்டம்'. வரி வசூலித்தலைத் 'தண்டல்' என்றும், குற்றத்திற்காகப் பெறும் பணத்தைத் 'தண்டம்' என்றும் கூறுவது தமிழ் வழக்கு. ஓசையில் இவ்விரண்டும் அண்டை வீட்டார் போல் நெருங்கி நிற்பினும் பொருளில் வேறுபட்டவை. ஆனால் இன்று 'தண்டச் செலவு' என்றும், 'தண்டம் அழுதேன்' என்றும் நாம் பேசும்பொழுது, குற்றம் என்னும் பொருள் தேய்ந்து, வீண் இழப்பு என்னும் பொருளே எஞ்சி நிற்கின்றது. சொல்லில் நிகழ்ந்த இத்தேய்வு நம் மனத்திலும் நிகழ்ந்துவிடலாகாது.

இனி, சட்டம் கூறுவதைக் காண்போம். சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியையும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்று நம் அரசியலமைப்பின் 265-ஆம் பிரிவு கூறுகின்றது. 1996-ஆம் ஆண்டில் பிரதிபா பிராசசர்ஸ் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் வரி, வட்டி, தண்டம் ஆகிய மூன்றும் வெவ்வேறு கருத்துகள் என்று பிரித்துக் காட்டியது. சட்டம் விதித்த பொறுப்பினால் செலுத்த வேண்டியது வரி. உரிய காலத்தில் வராத பணத்தால் நேர்ந்த இழப்பை ஈடு செய்வது வட்டி. சட்டத்தை வேண்டுமென்றே மீறிய நடத்தைக்காகப் பொதுவாக விதிக்கப்படுவது தண்டம்.

இதனை வீட்டு உவமை ஒன்றால் விளக்கலாம். சம்பாதிக்கும் மகன் குடும்பச் செலவிற்காக மாதந்தோறும் தரும் பங்கு வரியைப் போன்றது. அப்பங்கை அவன் இரண்டு திங்கள் தாழ்த்தித் தந்தால், இடையில் வெளியே கடன் வாங்கிய தந்தைக்கு ஆன செலவையும் சேர்த்துத் தருவது வட்டியைப் போன்றது. கையில் சம்பளத்தை வைத்துக்கொண்டு, "இன்னும் வரவில்லை" என்று அவன் பொய் உரைத்தான் எனில், அதற்காகத் தந்தை விதிப்பது தண்டத்தைப் போன்றது. மூன்றும் ஒரே சட்டைப்பையிலிருந்து வருகின்றன. ஆனால் முதலாவதைப் பெறும் தந்தை மகிழ்கிறார். இரண்டாவதைப் பெறும்போது கணக்குத் தீர்ந்தது என்கிறார். மூன்றாவதைப் பெறும்போது வருந்துகிறார்.

தண்டத்திற்கு மனநிலை இன்றியமையாததா என்பதும் ஆராயத்தக்கது. 1969-ஆம் ஆண்டில் ஹிந்துஸ்தான் ஸ்டீல் நிறுவனத்திற்கும் ஒரிசா மாநிலத்திற்கும் இடையிலான வழக்கில், வேண்டுமென்றே சட்டத்தைப் புறக்கணித்தவர்மீதும் நேர்மையற்று நடந்தவர்மீதுமே பொதுவாகத் தண்டம் விதிக்க வேண்டும் என்றும், தண்டம் விதிக்கும் அதிகாரம் இருக்கிறது என்பதற்காகவே அதனை விதித்துவிடக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் கருதியது. எனினும், சட்டமே கட்டாயமாக விதிக்கும் தண்டங்கள் சிலவற்றில் உள்நோக்கத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்று 2008-இல் தர்மேந்திரா டெக்ஸ்டைல் வழக்கில் அதே நீதிமன்றம் கூறியது. வரியைப் பொறுத்தவரை இவ்வினாவே எழுவதில்லை. வருவாய் ஈட்டியவர் நல்லவரா, தீயவரா என்று வருமான வரி கேட்பதில்லை.

இவ்வேறுபாடு நம் கிராமங்களில் அனைவரும் அறிந்த ஒன்றிலும் மறைந்துள்ளது. புறம்போக்கு நிலத்தை வளைத்துப் பயிர் செய்வோர்க்கும் வீடு கட்டியோர்க்கும் வருவாய்த் துறை தரும் 'பி மெமோ'வை அறியாதார் யார்? "இருபது ஆண்டுகளாகப் பி மெமோ கட்டி வருகிறேன், நிலம் எனக்கே உரியது" என்று ரசீதுகளை அடுக்கிக் காட்டுவோரைக் காண்கிறோம். 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமோ வேறு கூறுகின்றது. ஆக்கிரமித்தவரிடம் தீர்வையும் வாங்கலாம்; அதற்கு மேல் தண்டமும் வாங்கலாம்; அவரை வெளியேற்றவும் செய்யலாம். அச்சட்டப்படி தீர்வை கட்டியதனாலேயே நிலத்தில் இருக்கும் உரிமை பிறந்துவிடாது என்றும் அது தெளிவுறச் சொல்கின்றது. அந்த ரசீது, பணம் கட்டப்பட்டதற்குச் சான்று. நிலத்தில் இருந்தோம் என்பதற்கும் ஓரளவு சான்றாகலாம். ஆனால் இருக்கத் தக்கோம் என்பதற்கு அது சான்றாகாது. நிலமற்ற ஏழைக்குப் பட்டா வழங்க வேண்டுமா என்பது வேறு வினா. இரக்கத்தோடு எண்ண வேண்டிய வினா. அதற்கு விடை அரசின் கொள்கையில் உள்ளதேயன்றித் தண்டம் கட்டிய ரசீதில் இல்லை.

வணிக உலகிலிருந்தும் ஒரு சான்று காட்டலாம். ஈராக்கிலிருந்து பேரீச்சம்பழம் இறக்குமதி செய்த ஒரு வணிக நிறுவனம், நாட்டுப் படகுகளில் மட்டுமே கொண்டுவரலாம் என்றிருந்த காலத்தில் நீராவிக் கப்பலிலும் சரக்கைக் கொண்டுவந்தது. சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்த சரக்கை அந்நிறுவனம் தண்டம் கட்டி மீட்டது. பிறகு அத்தண்டத்தை வணிகச் செலவாகக் காட்டி, அதற்கேற்ப வருமான வரியைக் குறைக்குமாறு கேட்டது. ஹாஜி அஜீஸ் வழக்கு எனப்படும் அவ்வழக்கில் 1960-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இசையவில்லை. கடைக்கு வாடகை, ஆளுக்குக் கூலி, சரக்குக்குச் சுங்க வரி ஆகியவை வணிகத்தின் செலவுகள். சட்டத்தை மீறியதற்காகக் கட்டும் தண்டமோ வணிகம் நடத்துவதற்கான செலவு ஆகாது. ஏனெனில் சட்டத்தை மீறுவது வணிகத்தின் இயல்பான பகுதியன்று. 1998-இல் வருமான வரிச் சட்டத்திலும், குற்றமான அல்லது சட்டம் தடுத்த காரியத்திற்காகச் செய்யும் செலவைக் கழித்துக்கொள்ள முடியாது என்று ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது.

ஆனால் பெயரைக் கொண்டு மட்டும் இரண்டையும் பிரித்தறிய இயலுமா? அபராதத்திற்கு வரி என்றோ, வரிக்கு அபராதம் என்றோ பெயரிட்டுவிட்டால் யாது செய்வது? இதனை மிக நுணுகி ஆராய்ந்தவை அமெரிக்க நாட்டுத் தீர்ப்புகள். அதற்குக் காரணம் உண்டு. அங்கு நடுவண் சட்டமன்றமாகிய காங்கிரசுக்கு வரி விதிக்கும் அதிகாரம் பரந்தது. மக்கள் நடத்தையை நேரே கட்டளையிட்டு ஒழுங்குபடுத்தும் அதிகாரமோ வரையறைக்கு உட்பட்டது. ஆகவே ஒரு தொகை வரியா, அபராதமா என்பதைப் பொறுத்தே சில சட்டங்கள் நின்றன, சில வீழ்ந்தன.

ஆலைகளில் சிறுவர்களை வேலை வாங்கும் கொடுமையை ஒழிக்க 1916-இல் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. 1918-இல் உச்ச நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. உடனே 1919-இல் காங்கிரஸ் வேறு வழியை நாடியது. பதினான்கு வயதிற்குட்பட்ட சிறுவரை ஆலையிலோ, பதினாறு வயதிற்குட்பட்டோரைச் சுரங்கத்திலோ வேலைக்கு வைத்தால், அவ்வாண்டின் நிகர இலாபத்தில் பத்தில் ஒரு பங்கை வரியாகக் கட்டவேண்டும் என்று விதித்தது. வட கரோலினாவில் மரச்சாமான் செய்யும் டிரெக்சல் நிறுவனம், பதினான்கு வயது நிரம்பாத சிறுவன் ஒருவனை வேலைக்கு வைத்ததற்காக ஆறாயிரம் டாலருக்கு மேல் கட்ட நேர்ந்தது. அது வழக்குத் தொடுத்தது.

1922-இல் தலைமை நீதிபதி டாஃப்ட் தீர்ப்புரைத்தார். அவர் கூறிய காரணங்கள் எண்ணத்தக்கவை. ஒரு சிறுவனை ஒரு நாள் வைத்திருந்தாலும், ஐந்நூறு சிறுவரை ஆண்டு முழுதும் வைத்திருந்தாலும் தொகை ஒன்றே. வயதை அறியாமல் வைத்தவருக்கு இல்லை. அறிந்தே வைத்தவருக்கு மட்டும் உண்டு. ஆலையைச் சோதிக்கும் அதிகாரம் வரித்துறைக்கு மட்டுமன்றித் தொழிலாளர் துறைக்கும் தரப்பட்டிருந்தது. வருவாய்க்காக விதிப்பது வரி. அறிந்து செய்த மீறலுக்காகப் பெருந்தொகையால் ஒறுப்பது தண்டம். ஆதலின் இது வரிப் போர்வை போர்த்த தண்டம் என்று நீதிமன்றம் அச்சட்டத்தைத் தள்ளியது.

சிறுவர்களின் நலம் கருதிய சட்டம் இவ்வாறு வீழ்ந்தது நமக்கு வருத்தத்தையே தருகின்றது. எனினும் இதனை மறுபுறமும் நோக்க வேண்டும். அது உண்மையான வரியாகவே நின்றிருந்தால் பொருள் என்ன? பத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு, பதின்மூன்று வயதுச் சிறுவனை இயந்திரத்தின் முன் நிறுத்திக்கொள்ளலாம் என்பதே பொருள். பள்ளியில் இருக்க வேண்டிய குழந்தையின் காலைப்பொழுதிற்கு அது ஒரு விலையாகிவிடும். விலை குறிக்கத் தகாதவை சில உண்டு. அவற்றைத் தடுக்க வேண்டுமேயன்றி, அவற்றின்மீது வரி விதித்தல் தகாது. 1938-இல் அந்நாடு நியாயத் தொழில்தரச் சட்டத்தின் வழியே அவ்வாறே தடை செய்தது. 1941-இல் உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்று, 1918-ஆம் ஆண்டின் தன் பழைய தீர்ப்பைக் கைவிட்டது.

ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் அதே வினா மீண்டும் எழுந்தது. 2010-இல் அதிபர் ஒபாமா காலத்தில் இயற்றப்பட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், காப்பீடு எடுத்துக்கொள்ளாதவர் ஒரு தொகை கட்டவேண்டும் என்றது. சட்டமே அத்தொகையை அபராதம் என்று பெயரிட்டது. 2012-ஆம் ஆண்டு ஜூன் 28-இல் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகத் தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், பெயர் அபராதமாயினும் அரசியலமைப்பின் நோக்கில் அதனை வரியாகக் கொள்ளலாம் என்றார். பெரும்பாலோர்க்கு அத்தொகை காப்பீட்டின் விலையை விடக் குறைவு. அறிந்து செய்தார், அறியாமல் செய்தார் என்ற பாகுபாடு இல்லை. வரித்துறையே அதனை வாங்கும். கட்டாதவரைக் குற்ற வழக்கில் நிறுத்த முடியாது. எல்லாவற்றிற்கும் மேலாக, காப்பீடு எடுக்காமல் தொகையைக் கட்டியவர் சட்டத்தை மீறியவர் ஆகார். மறுத்த நீதிபதிகள் நால்வரோ, சட்டம் ஒரு கட்டளையை இட்டு, அதனை மீறினால் இத்தொகை என்று கூறியிருக்கும்போது அதனை வரியென்று மாற்றி எழுத நீதிமன்றத்திற்கு உரிமையில்லை என்றனர். 2017 இறுதியில் இயற்றப்பட்ட வேறொரு சட்டத்தால், 2019 முதல் அத்தொகை சுழியாக்கப்பட்டது.

இவ்விரு தீர்ப்புகளையும் சேர்த்து நோக்கினால் பெயர் முடிவானதன்று என்பது புலனாகும். ஒரு செயலைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கம் மட்டும் வரியை அபராதமாக்கிவிடாது. புகையிலைக்கு உயர்ந்த வரி விதிப்பது அதன் பயன்பாட்டைக் குறைப்பதற்காகவும்தான். ஆயினும் வரி செலுத்தி விற்ற கடைக்காரர் குற்றவாளி ஆகார். பணம் கட்டிய பிறகு அச்செயலைச் செய்ய ஒருவருக்குச் சட்டம் இடம் தருகின்றதா, இல்லையா என்பதே இரண்டையும் பிரிக்கும் முதன்மையான கோடு.

இங்கு ஒரு தடை எழும். ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்னும் புகழ்பெற்ற நீதிபதி 1897-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் சட்ட மாணவர்க்கு ஆற்றிய உரையில் அத்தடையை எழுப்பினார். சட்டம் இன்னது என்று அறிய வேண்டுமாயின், நல்லவனின் கண்கொண்டு பார்க்காமல், தனக்கு என்ன நேரும் என்பதை மட்டும் எண்ணும் தீயவனின் கண்கொண்டு பாருங்கள் என்றார் அவர். அத்தீயவனுக்கு, ஒரு செயலுக்காக வரி வாங்கினாலும் அபராதம் வாங்கினாலும் போகும் தொகை ஒன்றே. பின் வேறுபாடு யாது? இதே ஹோம்ஸ் 1922-இல் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்திருந்தார். அத்தொகை வரியன்று, தண்டமே என்ற பெரும்பான்மைத் தீர்ப்பில் அவரும் சேர்ந்திருந்தார்.

அவருடைய வினாவிற்கு நாம் கூறும் விடை இது: தீயவனுக்கு வேறுபாடு தெரியாது என்பது உண்மை. ஆனால் அதனால் வேறுபாடு இல்லை என்றாகாது. கண் பழுதுற்றவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாய்த் தோன்றுவதனால் நிறங்கள் ஒன்றாகிவிடுவதில்லை. மேலும், ஊரில் உள்ளோர் அனைவரும் தீயவனின் கண்கொண்டு பார்க்கத் தொடங்கிவிட்டால் விளைவது யாது என்பதற்கும் சான்று உண்டு.

இஸ்ரேல் நாட்டின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்கள் பத்தில் 1998-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு நடந்தது. ஊரி நீசி, ஆல்டோ ருஸ்டிகினி என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் அதனை 2000-இல் வெளியிட்டனர். மாலையில் குழந்தையை அழைத்துச் செல்லச் சில பெற்றோர் காலந்தாழ்த்தி வந்தனர். காப்பகங்களுள் ஆறில், பத்து நிமிடத்திற்கு மேல் தாழ்த்தினால் சிறு தொகை அபராதம் என்று அறிவித்தனர். தாமதம் குறையும் என்று எதிர்பார்த்தனர். குறையவில்லை, ஏறத்தாழ இரு மடங்காகப் பெருகியது. முன்பு, காத்திருக்கும் ஆசிரியையின் முகத்தை நினைந்து ஓடி வந்த பெற்றோர், இப்பொழுது பணம் கட்டித் தாமதத்தை வாங்கத் தொடங்கினர். பின்னர் அபராதத்தை நீக்கிய பிறகும் தாமதம் பழைய அளவிற்குக் குறையவில்லை. ஒருமுறை விலை குறிக்கப்பட்டபின் நாணம் திரும்பி வரவில்லை. அபராதம் என்று பெயரிட்டதைப் பெற்றோர் கட்டணமாகப் படித்தனர். ஆசிரியப் பணியில் இருந்தோர்க்கு இதில் வியப்பிராது.

அபராதத்தை விலையாகக் கருதுவதில் இன்னொரு கேடும் உண்டு. விலை என்றால், இருப்பவர் வாங்குவர். இல்லாதவர் வாங்க இயலாது. தலைக்கவசம் இன்றிச் செல்லும் கூலித் தொழிலாளிக்கு அபராதம் ஒரு நாள் அடுப்பை அணைத்துவிடும்; பெருஞ்செல்வருக்கோ அது ஒரு சிற்றுண்டிச் செலவு. அப்பொழுது சட்டம் ஏழையை மட்டும் கட்டுப்படுத்தி, செல்வருக்கு அனுமதிச்சீட்டு விற்கின்றது. இதனை உணர்ந்தே ஃபின்லாந்து நாடு 1921 முதல், குற்றவாளியின் நாள் வருவாயைக் கணக்கிட்டு அபராதம் விதிக்கும் முறையைக் கைக்கொண்டுள்ளது. விலை எல்லோர்க்கும் ஒன்றாயிருக்கலாம். ஒறுப்போ எல்லோர்க்கும் ஒத்த அளவில் உறைக்க வேண்டும் என்பது அதன் உட்கருத்து.

அரசுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமே நகரத்தின் வருவாய்களுள் சுங்கத்தையும் தண்டத்தையும் அடுத்தடுத்து வைத்து எண்ணுகின்றது. கருவூலக் கணக்கில் இரண்டும் அருகருகே இருக்கலாம். ஆளுவோர் மனத்தில் அவ்வாறு இருத்தல் ஆகாது. வரி வருவாய் பெருகினால் நாட்டில் தொழிலும் வளமும் பெருகியதாகக் கொண்டு மகிழலாம். அபராத வருவாய் பெருகினால் மகிழ இடமில்லை. அபராதம் வெற்றி பெற்றது என்பதன் அடையாளம், அவ்வுண்டியல் வெறுமையாய்க் கிடப்பதே. இவ்வாண்டு இத்தனை கோடி அபராதம் திரட்ட வேண்டும் என்று இலக்கு வைக்கும் அரசு, இத்தனை கோடிக்குக் குற்றம் நிகழ வேண்டும் என்று வேண்டிக்கொள்வதாகவே முடியும்.

ஆதலின் வரி செலுத்துபவர் தலைகுனிய வேண்டியதில்லை. உரிய வரியைச் செலுத்தியவுடன் அவர் கடன் தீர்ந்தது, எஞ்சியிருப்பது ஒன்றுமில்லை. அபராதம் செலுத்துபவர்க்கோ பணக் கடன் மட்டுமே தீர்ந்தது. செய்ததை விடுவதும், பிறர்க்கு நேர்ந்த கேட்டைச் சீர்செய்வதும், மீண்டும் செய்யாதிருப்பதும் எஞ்சி நிற்கின்றன. அவற்றிற்கு ரசீது தரும் அலுவலகம் எங்கும் இல்லை.

நம் குடும்பங்களில் பிள்ளைகள் வருமான வரிப் படிவம் நிரப்பும் வயதிற்கும், வண்டி ஓட்டும் வயதிற்கும், வீடு கட்டும் வயதிற்கும் வருகின்றனர். அவர்களுக்கு எவ்வளவு கட்டவேண்டும் என்று சொல்லித் தரப் பலர் உளர். பணம் கட்டும்பொழுதெல்லாம், "இதைக் கட்டியபின் அச்செயலை நான் நாளையும் செய்யலாமா?" என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் பழக்கத்தைச் சொல்லித் தருவது பெற்றோரின் கடமையாகும். செய்யலாம் என்றால் அது வரி. மன அமைதியோடு கட்டுக. செய்யலாகாது என்றால் அது அபராதம். கட்டிவிட்டு, அச்செயலையும் அன்றே விட்டுவிடுக.